குளத்துக்குப் போட்ட பூஜ்யம்

1

இந்தக் கதை நான் போட்ட ஒரு பூஜ்யத்தில் பிறந்தது. இருபதுக்குப் பூஜ்யம். சிவப்பு மையில், வட்டம் சரியாக மூடாமல், மேலே ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டு. அவசரத்தில் போட்டால் பூஜ்யம் அப்படித்தான் வரும்.

போட்டவள் நான். வாங்கியவள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சு இது. ஒரு கால் குட்டை. அவள் அசைந்தால் என் கையெழுத்து கோணுகிறது. உள்ளே ஒரு மேசையில் எங்கள் விண்ணப்பம் இருக்கிறது. அவளுக்குப் பட்டம் உண்டா இல்லையா என்று அதில் ஒருவர் எழுத வேண்டும். நான்கு மணிக்குள் என்றார்கள். இப்போது இரண்டே முக்கால். சும்மா உட்கார்ந்திருந்தால் எழுந்துபோய் யாரையாவது திட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். அடித்ததை மறைக்கப்போவதில்லை.

(அ) நீர்நிலைகள் மனித வாழ்வின் ஆதாரம். அவற்றைப் பேணிக் காப்பது நம் ஒவ்வொருவரின்—

[இது பாடப்புத்தகம். முதல் பாடம், முதல் பத்தி. இதைப் படித்துப் படித்துத்தான் ஒருத்தருக்கும் ஒரு நீர்நிலை மேலும் அக்கறை இல்லாமல் போனது.]

(ஆ) விடியலின் மெல்லிய பனியில் அந்தப் பெண் குளக்கரையில் நின்றாள். அவள் கண்களில்—

[கண்களில் தூக்கம் இருந்தது. வேறென்ன இருக்கும். தவிர, பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சம்பந்தப்பட்டவளே சொல்கிறாள்: "பனியா? கொசு மேடம். கால் முழுக்கக் கொசு."]

(இ) என் மேல் தவறில்லை என்று நான் சொல்ல—

[இருக்கிறது.]

ஆகவே பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

பாடத்தின் பெயர் சுற்றுச்சூழல் கல்வி. வணிகவியலோ கணிதமோ இலக்கியமோ, எதைப் படிக்க வந்தாலும் ஒரு பருவம் இதையும் படித்துத் தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது. கட்டாயம் என்பதாலேயே இதற்கு மரியாதை இல்லை. இதில் யாரும் தோற்பதும் இல்லை. தோற்றால் அழுவதற்கு முன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. இந்தப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தபோது அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"சுற்றுச்சூழல்னா என்னடி?"

"நம்மளச் சுத்தி இருக்கறதெல்லாம்மா."

"நம்மளச் சுத்தி இருக்கறது நமக்குத் தெரியாதா? அதுக்குப் பரீட்சை வேறயா?"

அப்போது சிரித்தேன். இப்போது அந்தக் கேள்வியை வினாத்தாளில் போடலாம் என்று தோன்றுகிறது. பதினைந்து மதிப்பெண், விரிவான விடை.

நான் தற்காலிக விரிவுரையாளர். ஆண்டுக்கொருமுறை வேலையைப் புதுப்பிக்கும் ஒரு தாள் வரும், அல்லது வராது. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

செய்முறை ஒன்றே ஒன்று. விடுதிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். மீன் மூச்சு விடுவது அதை வைத்துத்தான். இதை நான் ஆசையாகத்தான் நடத்துவேன், கேளுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியைத் தண்ணீருக்குள் முக்கி, ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். இரண்டு மருந்துகளை விடவேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாக ஒரு மேகம் இறங்கும். இல்லாவிட்டால் மேகம் வெள்ளை. அப்புறம் அமிலம் விட்டால் மேகம் கரையும். பிறகு சொட்டுச் சொட்டாக இன்னொரு கரைசல். ஸ்டார்ச் சேர்த்ததும் முழுக்க நீலம். சொட்டு, சொட்டு, இன்னொரு சொட்டு, அந்த ஒரு சொட்டில் நீலம் காணாமல் போகும். அதுவரை எத்தனை சொட்டு போனதோ அதுதான் குளத்தின் பதில். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை நிறத்தால் கேட்டு வாங்குகிறோம். இதைவிடப் பெரிய வித்தை எனக்குத் தெரியாது. நான் செய்துகாட்டுவது ஆய்வகத்தில், குழாய்த் தண்ணீரில்; குளத்துக்கு அவர்களே போய்வருவார்கள்.

நாற்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. நாற்பத்தொன்றில் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம்.* வெட்கப்பட்ட சிலர் மட்டும் 6.3, 6.5. ஒரே ஒரு நோட்டில் 0.8. பக்கத்தில், "மேகம் வெள்ளை. லேசா மஞ்சள் தட்டிய வெள்ளை."

அவள் செய்முறை வகுப்புக்கே வராதவள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காப்பி அடிக்கக்கூடச் சோம்பல் பட்டவள் என்று. பூஜ்யம் போட்டேன். கீழே எழுதினேன்: செய்யாமல் எழுதியது.

*ஒரு குறிப்பு. வேடிக்கையைப் பாருங்கள்: நாற்பத்தொரு பேர் ஒரே எண்ணை எழுதியதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒருத்தி வேறு எண்ணை எழுதியதில்தான் வந்தது. நான் படித்த படிப்பு எனக்கு அதைத்தான் கற்றுத்தந்திருக்கிறது.

3

இந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு இவள்மேல் நிறையச் சந்தேகம் இருந்தது. எழுத்தாளராகவும், அதற்கு முன்பு ஆசிரியையாகவும்.

வகுப்பில் இவளுக்குப் பெயர் முதல்பஸ். மதியம் ஒன்றரைக்குச் செருப்புக் கடையில் வேலை தொடங்கிவிடும் என்பதால் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கேட் திறக்கும்போதே வந்துவிடுவாள். ஒரு மணிக்குக் காணாமல் போவாள். செய்முறை வகுப்பு இரண்டு முதல் நான்கு வரை. எப்போதுமே இரண்டு முதல் நான்குதான்.

முதல் வரைவில் இவளை ஏழ்மையும் பொறுமையும் நிறைந்த—

"யாரு பொறுமை?" என்கிறாள்.

இல்லை, பொறுமை இல்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் நேராக என் மேசைக்கு வந்தாள். அந்தப் பாடத்தில் நான்கு மதிப்பெண் குறைவில் தோல்வி. மற்ற எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முப்பதாம் தேதிக்குள் பட்டச் சான்றிதழ் காட்டவேண்டும்.

"கடையில எல்லாரும் கேக்கறாங்க மேடம், எதுல ஃபெயிலுன்னு. சுற்றுச்சூழல்னா, விழுந்து விழுந்து சிரிக்கறாங்க."

"வகுப்புக்கு வராம எழுதினா?"

"வகுப்புக்கு வரல. செஞ்சேன். தனியா வந்து செஞ்சேன். செய்யாம எழுதினதுன்னு போட்டிருக்கீங்க. ஃபெயில்னு போட்டிருந்தாகூடப் பேசாமப் போயிருப்பேன். பொய்யின்னு போட்டுட்டீங்க."

"யார் பார்த்தா?"

"ஸ்டாக்குதான் பாட்டில் குடுத்தாரு."

ஸ்டாக் என்பது எங்கள் ஆய்வக உதவியாளர். எதைக் கேட்டாலும் "ஸ்டாக் இல்ல" என்பார். அவரை இழுத்து வந்து கேட்டேன்.

"குடுத்தேன். மருந்தும் குடுத்தேன். திரும்பி வரும்போது பாட்டிலைக் கழுவிக் குடுத்த ஒரே ஆளு இந்தப் பொண்ணுதான். நீகூட அந்தக் காலத்துல கழுவினதில்ல."

அந்தக் காலம் என்றால் ஏழு ஆண்டுகளுக்கு முன். நானும் இதே கல்லூரி, இதே குளம், இதே பாட்டில்.

அவர் போகிற போக்கில், "பழைய நோட்டெல்லாம் ஸ்டோர்லதான் கெடக்கு, தூக்கிப் போட ஆர்டர் வரல" என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கயிறு கட்டிய கட்டுகள். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். போன வருடம் 6.4. அதற்கு முந்தைய வருடம் 6.4. அதற்கு முன்பும். மழை பெய்த வருடமும் பெய்யாத வருடமும் குளம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. ஏழாவது கட்டில் என் நோட்டு. என் பெயர், என் பழைய குண்டு குண்டான கையெழுத்து. 6.4.

எனக்கு அன்று வந்தது பதினொன்று புள்ளி சொச்சம். நன்றாக நினைவிருக்கிறது. அந்த வெப்பத்தில் தண்ணீரில் ஏழரைக்கு மேல் ஆக்சிஜன் கரையாது என்று புத்தகத்தில் இருந்தது. நான் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறேன் என்று முடிவுகட்டி, முன்வரிசைப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தொட்டவள் நான். புத்தகம் தப்பாக இருக்கும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? பதினெட்டு மதிப்பெண் வாங்கினேன்.

4

கோபம் வந்துவிட்டால் எனக்குக் கதை கடகடவென்று வரும். ஸ்டோர் ரூம் தூசியில் நின்றபடியே முழுக்கதையும் தயார் செய்துவிட்டேன். இதோ:

நான் படித்த காலத்தில் உயிரோடு இருந்த குளம் இந்த ஏழு ஆண்டுகளில் செத்துவிட்டது. விடுதிச் சமையலறைக் கழிவு முழுக்க அதில்தான் விழுகிறது. நாற்பத்தொரு பேர் பொய் எழுதி அதை மறைத்தார்கள். ஒருத்தி மட்டும் உண்மையை எழுதினாள். அவளுக்குப் பூஜ்யம்.

எப்படி? நல்ல கதையல்லவா. எனக்கே ரோமம் சிலிர்த்தது. இதை நிரூபிக்க வேண்டியது மட்டுமே பாக்கி. மறுநாளே, மார்க்ஷீட் வாங்க வந்திருந்த வகுப்பு முழுவதையும் குளக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல்பஸ் வரவில்லை, கடைக்குப் போய்விட்டாள். "உங்க கண்ணு முன்னாடி செய்யறேன், எல்லாரும் நிறத்தைப் பாருங்க" என்றேன். புட்டியை முக்கினேன். மருந்து விட்டேன்.

பழுப்பு.

சாதாரணப் பழுப்பு இல்லை. காப்பிக் கொட்டை வறுத்த பழுப்பு. சொட்டு எண்ணினால் 11.6.

என் கதை அங்கேயே, அந்தக் கரையிலேயே, கவிழ்ந்து விழுந்தது. நாற்பத்தொரு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அப்ப முதல்பஸ் ஊத்திக்கிச்சா மேடம்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பின் கடைசி பெஞ்சு. வம்புக்கென்றே பிறந்தவன்.

"நீ எவ்வளவு எழுதின?"

"ஆறு நாலு."

"இங்க பதினொண்ணு வந்திருக்கு. நீயும் பொய்தான?"

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் பதினொண்ணுதான் மேடம் வந்துச்சு. எல்லாருக்கும் அப்படித்தான். புத்தகத்துல ஏழரைன்னு இருக்கு. உங்ககிட்ட காட்டினா நீங்க குதறிடுவீங்கன்னு சீனியர் நோட்டப் பாத்தோம்."

[இந்த இடத்தில் நான் அவனைத் திட்டியதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். திட்டவில்லை. அவன் சொன்னது என் வரலாறு.]

ஆக, நாற்பத்தொரு பேரும் அளந்திருக்கிறார்கள். அளந்ததை நம்பவில்லை. அப்படியென்றால் 0.8? நான் கொதித்தேன். என்னைக் கதாநாயகி கதை எழுதவைத்து ஏமாற்றிய பெண்ணைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினேன்.

5

செருப்புக் கடை. நீளமான கடை, இரண்டு பக்கமும் கூரை வரை அட்டைப்பெட்டிகள். அவள் தரையில் முட்டி போட்டு, ஒரு பெரியவரின் காலை மர அளவுகோலில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"இந்நேரத்துக்குக் காலு வீங்கியில்ல இருக்கும், இப்பப் போயி எதுக்கு அளக்கற?" என்று பெரியவர் முனகினார்.

"சாயங்காலம்தான் சார் அளக்கணும். காலையில அளந்து வாங்கிட்டுப் போனா சாயங்காலம் கடிக்கும். வீங்கின காலுக்குத்தான் செருப்பு வாங்கணும்."

நான் அவள் தலைக்கு மேல் நின்றேன். "ஏம்மா. பதினொன்று ஆறு வருது. எல்லாருக்கும். நீ எங்க தண்ணி எடுத்த?"

"குளத்துலதான்."

"எந்தப் பக்கம்?"

"எல்லாரும் எடுக்கற அதே படிக்கட்டு."

"அப்ப எப்படி வெள்ளையா வரும்? சொல்லு. பொய்யின்னா பொய்யின்னு சொல்லிடு, நான் ஒண்ணும்—"

"மேடம், கஸ்டமர் இருக்காங்க." பெரியவரின் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். "நீங்க எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

"ரெண்டு மணிக்கு. எப்பவும் போல."

"நான் ஆறு பத்துக்கு எடுத்தேன். முதல் பஸ் வந்ததும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடையின் டியூப்லைட் வெளிச்சம் கூடியதுபோல இருந்தது. ஆறு பத்து. காலை. இரவு முழுக்க வெயில் இல்லை. வெயில் இல்லையென்றால் பாசி ஆக்சிஜன் தயாரிக்காது. ஆனால் பாசியும் மீனும் சேறும் எல்லாமும் இரவு முழுக்க மூச்சு விடும். எடுத்துக்கொண்டே இருக்கும், போடுவார் இல்லை. விடியும்போது காலி. அப்புறம் சூரியன் ஏற ஏறப் பாசி தயாரித்துத் தள்ளும். ரெண்டு மணிக்குப் பொங்கி வழியும், புத்தகத்தின் ஏழரையைத் தாண்டி. இரண்டும் உண்மை. 0.8-உம் உண்மை, 11.6-உம் உண்மை. விடுதிச் சமையலறைத் தண்ணீரைத் தின்று கொழுத்த பாசிக் குளம், பகலில் திணறத் திணறச் சாப்பிட்டு இரவில் மூச்சுமுட்டித் தவிக்கிறது.

பொய் ஒன்றே ஒன்றுதான். நடுவில் இருக்கும் அந்த ஒழுக்கமான 6.4.

எங்கள் நோட்டில் தேதிக்குக் கட்டம் உண்டு, இடத்துக்கு உண்டு, வெப்பநிலைக்கு உண்டு. நேரத்துக்குக் கட்டம் இல்லை. எல்லாரும் ரெண்டு மணிக்கே போகிறவர்கள், நேரம் எதற்கு?

நான் என்ன செய்தேனோ தெரியவில்லை. "குதிச்சீங்க மேடம்" என்கிறாள் இப்போது. "ஓனர் கல்லாவ விட்டு எழுந்து வந்துட்டாரு."

6

மறுநாள் காலை ஆறு. அவள், நான், ஸ்டாக். மூன்று பேரை மட்டும்தான் எதிர்பார்த்தேன். துறைத்தலைவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன், வருவார் என்று நினைக்கவில்லை. நடைப்பயிற்சிச் செருப்போடு வந்து நின்றார். செய்முறைக் கையேட்டை எழுதியவர் அவர். வில்லனாக எழுத வசதியான முகம். எழுதியும் பார்த்தேன், ஒட்டவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில், ஒரே திசையில்.

"தினமும் இப்படித்தான் சார் இருக்கும்," என்றாள் அவள். "பசிக்குதுன்னு நெனச்சு ரெண்டு நாள் பிஸ்கட் போட்டேன்."

துறைத்தலைவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். "குடு" என்று புட்டியை வாங்கினார். ஒரே முக்கு. ஒரு குமிழ் இல்லை. நான் ஐந்து தடவை முயன்றால் ஒரு தடவை வருவது அவருக்கு முதல் முறையே வந்தது. மருந்தை விட்டார். புட்டியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டினார்.

வெள்ளை. வெள்ளையோ வெள்ளை.

"இந்த மருந்து எப்பக் கலந்தது?" என்று ஸ்டாக்கைக் கேட்டார்.

"நேத்து சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

சொட்டு எண்ணினோம். 0.6. அவர் கொஞ்சநேரம் மீன்களைப் பார்த்தார்.

"ஆறு நாலு நான் எடுத்ததும்மா. கையேடு எழுதின வருஷம். மாதிரிக்கு ஒரு அளவு போடணும்னு எடுத்தேன். காலையில ஒம்போதரை இருக்கும். பத்து மணிக்கு மீட்டிங் இருந்துச்சு."

"நேரம் எழுதலையே சார்."

"கட்டத்துல இடம் இல்லையே."

"கட்டத்தை நீங்கதான சார் போட்டீங்க?"

அவர் குனிந்து புட்டியைக் கழுவினார். கிளம்பிப் போகவில்லை. ஏழு மணிக்கு இன்னொரு புட்டி எடுத்தார்.

அன்றைய பகலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. [மூன்று வரைவுகள். மூன்றும் கல்யாணவீட்டு வர்ணனைபோல இருக்கின்றன.] எப்படியோ செய்தி பரவி வகுப்பு முழுக்க வந்துவிட்டது. மணிக்கொரு புட்டி. எட்டு மணிக்கு மங்கலான மஞ்சள். அடுத்ததில் வைக்கோல் நிறம். ஒன்பது நாற்பதுக்கு 6.2 வந்தபோது, "சார் மீட்டிங்குக்குப் போற நேரம்" என்று கடைசி பெஞ்சுக்காரன் சொல்ல, துறைத்தலைவரே சிரித்துவிட்டார். பதினொரு மணிக்கு 9. புட்டிகளைப் படிக்கட்டில் வரிசையாக வைத்தோம். வெள்ளையிலிருந்து பழுப்பு வரை ஒரு குளம் மூச்சு இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கணக்குத்துறைப் பெண்கள் வரைபடத் தாளோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. பார்த்து எழுத யாரிடமும் விடை இல்லை. நான் நடத்திய முதல் வகுப்பு அது. நடத்தியது நான் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மணிக்கு அவள் கடைக்கு ஓடினாள். அளவு பதினொன்றைத் தொடுவதை அவள் பார்க்கவில்லை.

7

துறைத்தலைவர் அறையில் ஒரு படிவம். மதிப்பெண் திருத்தப் படிவம். அதில் "காரணம்" என்று ஒரே ஒரு வரி.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "கருணை மதிப்பெண்ணுன்னு எழுதினா என் கையெழுத்தோட முடிஞ்சிடும். நாளைக்கே சான்றிதழ். மதிப்பீட்டாளர் பிழைன்னு எழுதினா மேல போகும். ஏன் பிழை, எப்படிப் பிழைன்னு கேப்பாங்க. எல்லா நோட்டும் போகும். உன் பழைய நோட்டும், என் கையேடும் சேத்துத்தான். முப்பதுக்குள்ள வரலாம், வராமலும் போகலாம். உன் புதுப்பிப்புத் தாளும் இந்த மாசம்தான் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

மிரட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னார். தகவல்தான் அதிகம் மிரட்டும்.

நான் பொங்கினேன். பிழை, பிழை, பிழைதான், எத்தனை தாளில் வேண்டுமானாலும் எழுதுகிறேன் என்று. முதல்பஸ் குறுக்கே வந்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம். எனக்கு சீட்டு வேணும். கருணையோ கழுதையோ, நாலு மார்க்கு வந்தாப் போதும். உங்களுக்கு உண்மைக்காகப் போராடணும்னா உங்க சர்ட்டிபிகேட்ட வெச்சுப் போராடுங்க. என்னோடத வெச்சு இல்ல."

சுருக்கென்றது. நியாயம். முழுக்க நியாயம். நான் பேனா மூடியைக் கழற்றிக் "கரு" வரை எழுதிவிட்டேன்.

அப்போது அவள் கேட்டாள்: "கருணைன்னா மார்க்ஷீட்டுல தெரியுமா சார்?"

"பக்கத்துல ஒரு நட்சத்திரம் வரும். கீழ விளக்கம் வரும். அவ்வளவுதான்."

அவள் நகத்தைக் கடித்தாள். அவசரப்படவில்லை. "கடையில நாங்க தப்பான அளவு குடுத்துட்டா மாத்திக் குடுப்போம் சார். சீட்டுல 'கடைத் தப்பு'ன்னு எழுதுவோம். 'பாவம்னு பாத்துக் குடுத்தோம்'னு எழுத மாட்டோம். வாங்கறவங்க மூஞ்சியிலயே அடிச்சிடுவாங்க."

"முப்பது தாண்டிட்டா?" என்றேன். இப்போது எனக்குத்தான் பயம்.

"தெரியல." படிவத்தில் விரலை வைத்து, "அந்த 'கரு'வ அடிச்சிடுங்க" என்றாள்.

அடித்தேன். மதிப்பீட்டாளர் பிழை என்று எழுதினேன். சின்னக் கட்டம், என் எழுத்து பெரிது, வெளியே வழிந்தது. துறைத்தலைவர் படித்தார், கீழே, "கையேட்டிலும் பிழை" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஏன் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதலாம், போகமாட்டேன். 

இது நான்கு நாள் முன்பு. இன்று இருபத்தெட்டு.

8

மணி மூன்றரை. முடிவு எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன், முடிவு இன்னும் வரவில்லை. பழக்கதோஷம், மூன்று செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது. தேர்ச்சி. வகுப்பே கைதட்ட அவள்—

"யாரு கை தட்டுவாங்க? எல்லாரும் லீவுக்குப் போயாச்சு. இன்னிக்கு அரைநாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன், நான் கடைக்கு ஓடுவேன்."

முடிவு இரண்டு: முப்பது தாண்டிவிடுகிறது. இடம் போய்விடுகிறது. உண்மை அவள் பக்கம் இருந்தும்—

"அடுத்த வருஷம் மறுபடி போடலாம்ல?" என்று நானே கேட்டேன்.

"போடலாம். ஆனா அடுத்த வருஷம் என்னையக் கடையில சூப்பர்வைசர் ஆக்கறேன்னு ஓனர் சொல்லியிருக்காரு. ஆயிட்டேன்னா அப்புறம் போக மாட்டேன் மேடம். என்னையப் பத்தி எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு." இதைத் திரும்பாமல், எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான்கு நாளில் அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். இரண்டாம் முடிவை அடித்துவிட்டேன். என்னால் எழுத முடியாது.

முடிவு மூன்று: என் தாள் புதுப்பிக்கப்படவில்லை. நான் தலைநிமிர்ந்து அந்த வாசலைக் கடந்து—

"இது உங்க கதை. தனியா எழுதிக்குங்க. என் கதையில நொழைக்காதீங்க."

சரி.

"சுற்றுச்சூழல் யாரு?" என்று உள்ளேயிருந்து குரல். இரண்டு பேரும் எழுந்தோம். ஒருவர்தான் வரவேண்டுமாம். அவள் போயிருக்கிறாள். பெஞ்சு இப்போது என் பக்கம் சாய்கிறது. பயமா குஷியா தெரியவில்லை, அன்று விடிகாலையில் துறைத்தலைவர் புட்டியைத் திருப்பும்போது இருந்த அதே—

கதவு திறக்கிறது. அவள்தான். கை மட்டும் நீள்கிறது.

"பேனா குடுங்க மேடம். கையெழுத்துப் போடணுமாம்."

"எதுக்கு? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எதுவா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணுமாம். தாளக் கவுத்து வெச்சிருக்காரு."

"அவர் மூஞ்சி எப்படி இருக்கு?"

"மூஞ்சியில ஒண்ணும் தெரியல. பல்லு குத்திட்டிருக்காரு."

இரு, இந்த வரியை முடித்துவிடுகிறேன் என்கிறேன்.

"நீங்க முடிச்சா உள்ள இருக்கறது மாறிடுமா?"

மாறாது. என்னிடம் இருப்பது இந்த ஒரே பேனா, அவள் விரலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், கொடுக்கிறேன். இதற்குமேல் உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் பேனாவை எடுத்து, ஆனால் ஒன்று, யாருடைய நோட்டையும் பார்க்காமல்